தையலுக்கு விட்ட அரை இஞ்ச்

கடன் அடைப்பதில் சின்னக் கடனை முதலில் அடைக்க வேண்டும், சார். வட்டி அதிகமாக இருப்பதை முதலில் அடை என்று படித்தவர்கள் சொல்வார்கள். கணக்குப்படி அவர்கள் சொல்வதுதான் சரி. ஆனால் மனிதனுக்குக் கணக்கு மட்டும் போதாது, ஒன்றையாவது முடித்தோம் என்கிற தெம்பு வேண்டும். சின்னது ஒன்று தீர்ந்தால் போனில் கத்துகிற குரல்களில் ஒன்று குறையும். அந்த நிம்மதியில் அடுத்ததைப் பிடிக்கலாம்.

நடந்ததை நடந்தபடி எழுதித் தா என்று தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். கடனிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது விளங்கும், அதனால் இப்படி ஆரம்பிக்கிறேன். நான் அடிக்கடி எழுந்து நிற்பதைப் பார்த்துக் கான்ஸ்டபிள் அண்ணன் முறைக்கிறார். எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வராது, நின்றே வேலை பார்த்துப் பழகியவன். நானாகத் தேடி வந்தவன் எதற்கு ஓடப் போகிறேன்? அக்கா இறந்ததைப் பற்றி உங்களுக்கு வந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் ஒரு வரி தப்பாக இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

நான் கட்டிங் மாஸ்டர். பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சீருடை தைக்கிற பட்டறையில் பதினாறு வருடமாகத் துணி வெட்டுகிறேன். நீளமான மேசையில் எழுபது, எண்பது அடுக்குத் துணியை விரித்து, மேலே கை, காலர், பாக்கெட் அளவுக்கு நறுக்கிய அட்டைகளை வைத்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, மெஷினை ஓட்ட வேண்டும். அட்டையை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் வித்தை. கைக்கும் காலருக்கும் நடுவே பாக்கெட்டை நுழைத்துவிட்டால் சட்டைக்கு நாலு விரல் துணி மிச்சம். அப்புறம் தையலுக்கு விடுகிற இடம். ஒவ்வொரு ஓரத்திலும் பிடித்துத் தைக்க அரை இஞ்ச் விட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். கால் இஞ்ச்சே போதும். போடுகிறவருக்கும் தெரியாது, பார்க்கிறவருக்கும் தெரியாது, சட்டையும் கிழியாது. முதலாளிக்கு மாதம் இரண்டு ரோல் துணி இப்படியே மிஞ்சும். எதிலும் உள்ளே மடித்துவைத்த கொஞ்சம் இருக்கும், அதை எடுத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

இவ்வளவு தெரிந்தவன் கடனில் எப்படி விழுந்தாய் என்று கேட்பீர்கள். ஆசைதான் காரணம். நாலு மெஷின் போட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கினேன், பதினோரு மாதத்தில் கதவைச் சாத்திவிட்டுப் பழைய பட்டறைக்கே திரும்பினேன். மெஷின் தவணை, வங்கிக் கடன், போனிலேயே விண்ணப்பித்துப் போனிலேயே வாங்கிய மூன்று அவசரக் கடன், முதலாளியிடம் முன்பணம் எல்லாம் மிஞ்சின. அக்காவின் இரண்டு வளையல்களும் அடகுக்குப் போயிருந்தன. பணத்தை நான் எப்போதும் நாள் கூலியாகத்தான் நினைப்பேன். மொத்தம் ஐந்நூற்று நாற்பது நாள் கூலி. சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், ஒரு நாள் கூட லீவு போடாமல் நின்றாலும் ஒன்றரை வருடம்.

போன் கடன்காரர்கள் பட்டறைக்கே அழைத்தார்கள். முதலாளி மேசையில் மணி அடித்தால் என் கை தானாக நின்றுவிடும். வீட்டில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து கதவருகே போய் நிற்பேன். எங்கள் வீடு இரண்டு அறை, சுவருக்குச் சுவர் பதினோரு அடி. வேலை முடிந்து வந்ததும் அந்தப் பதினோரு அடியைத்தான் நடந்துகொண்டிருப்பேன். அக்கா தரையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைத்தபடி என்னையே பார்ப்பாள்.

"டேய், உக்காருடா. தரை தேஞ்சு போச்சுன்னா வீட்டுக்காரர் அதுக்கும் சேத்து வாடகை கேப்பாரு."

"உக்காந்தா கடன் குறையுமா?"

"நடந்தா மட்டும் குறையுதா? செருப்புதான் குறையுது."

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பதினைந்து வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் அந்த ஒரு வார்த்தையில் நின்றுபோனது. மூன்றாவது முறை அவளே வேண்டாம் என்றுவிட்டாள். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு, தொழிலுக்கு அனுப்பி, நான் தொழிலைக் கெடுத்துக்கொண்டு வந்து நின்றபோது ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் வளையலைக் கழற்றிக் கொடுத்தவள் அவள்தான். எனக்கு அவள்மேல் கோபமோ பொறாமையோ கிடையாது. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அவளுக்கு மாத்திரை. ஒருமுறை போட்டோமா இல்லையா என்கிற குழப்பத்தில் இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தள்ளாடினாள். அதிலிருந்து டாக்டரம்மா பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். பதினாலு குழி வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அட்டையிலிருந்து பிதுக்கி நான்தான் நிரப்புவேன். அவள் டப்பாவைத் திறந்து அன்றைய குழியில் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்வாள். என்ன இருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்க மாட்டாள்.

அப்படி இரண்டு வருடம் வலிப்பே இல்லாமல் போனது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இனிமே வண்டி ஓட்டலாம்மா. ஆனா மாத்திரைய ஒரு வேளை கூட விடக்கூடாது. வராம இருக்கறதே அதனாலதான்."

அக்கா பட்டன் காசில் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினாள். நாற்பத்திரண்டு வயதில், துணைக்கு யாரும் இல்லாமல், முதல் தடவையாக ஒரு தெருவைத் தாண்டிப் போனாள். போய்த் திரும்பி வந்து வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதாள். மறுநாளிலிருந்து என்னைப் பின்னால் உட்கார வைத்துப் பட்டறையில் இறக்கிவிட்டு, பட்டன் தைக்க வேண்டிய மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்புவாள். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் போய்க்கொண்டிருந்த காசில் மாதம் மூன்று நாள் கூலி மிச்சம்.

நான் போட்ட திட்டம் சின்னதுதான். சம்பளம் கைக்கு வந்த அன்றே பத்தில் ஒரு பங்கை எடுத்து வங்கியில் தனியாகப் போட்டுவிட வேண்டும். செலவு போக மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்று இருந்தால் எந்தக் காலத்திலும் மிஞ்சாது. கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கக் கூடாது. எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணை, சின்னக் கடனுக்கு மட்டும் கையில் இருக்கிற அத்தனையும். சேமிப்பில் எக்காரணம் கொண்டும் கை வைக்கக் கூடாது. கை வைத்தால் அது சேமிப்பு இல்லை, சட்டைப்பையில் கிடக்கிற சில்லறை.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் வேலை செய்தது. போன் கடன் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழிந்தன. முன்பணம் கழிந்தது. வளையல்கள் திரும்பி வந்தன. பட்டறையில் எனக்கு நிதியமைச்சர் என்று பெயர் வைத்தார்கள். இஸ்திரி போடுகிறவர் சம்பளச் சீட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். "அமைச்சரே, நம்ம நாட்டையும் கொஞ்சம் பாருங்க" என்பார். பார்த்துச் சொல்வேன். ஏழு பேரைக் கடனிலிருந்து தூக்கிவிட்டிருக்கிறேன், சார். வேண்டுமானால் ஆள் அனுப்பி விசாரித்துக்கொள்ளலாம்.

பிறகு பட்டறையில் ஓவர்டைம் நின்றது. மெஷின் தவணையும் வங்கிக் கடனும் மட்டும் பாக்கி இருந்த நேரம். மாதம் நாலு நாள் கூலி துண்டு விழுந்தது. வாடகை, கேஸ், கரண்ட், மளிகை என்று எல்லாவற்றிலும் நான் ஏற்கெனவே கால் இஞ்ச் எடுத்திருந்தேன். திரும்பத் திரும்பப் பட்டியலை எழுதிப் பார்த்தேன். நடந்துகொண்டே எழுதினேன், சுவரில் தாளை வைத்து. வெட்டுப்படாமல் முழு அகலத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அக்காவின் மாத்திரை. மாதம் சரியாக நாலு நாள் கூலி.

மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"இதைவிட விலை கம்மியா எதுவும் இல்லையாண்ணே?"

"இதே மருந்து வேற கம்பெனில வருது. கொஞ்சம் கம்மி. ஆனா வலிப்பு மாத்திரையெல்லாம் நானா மாத்திக் குடுக்க முடியாது. டாக்டர ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

டாக்டரைப் பார்க்க ஒன்றரை நாள் கூலி. கேட்காமல் விட்டேன். கடையில் நின்றபடியே யோசித்தேன். டாக்டர்களும் தையலுக்கு விடத்தானே செய்வார்கள்? ஒன்று போதும் என்கிற இடத்தில் இரண்டு எழுதுவார்கள், ஒரு வருடம் போதும் என்கிற இடத்தில் மூன்று வருடம் என்பார்கள். கிழிந்தால் பழி அவர்கள் தலையில் விழும் அல்லவா? இரண்டு வருடமாக வராத நோய்க்கு நான் நாலு நாள் கூலி கட்டிக்கொண்டிருந்தேன். மாத்திரையின் நடுவே ஒரு கோடு கூட இருந்தது. வெட்டுவதற்காக இல்லாமல் யாரும் கோடு போட மாட்டார்கள்.

ஆனால் குழியில் பாதி மாத்திரை கிடந்தால் அக்கா கேட்பாள். அதே கண்ணாடி அலமாரியில் சுண்ணாம்புச் சத்து மாத்திரை இருந்தது. அதே வெள்ளை, அதே வட்டம், நடுவே அதே கோடு. விலை பத்தில் ஒரு பங்கு. எலும்புக்கும் நல்லது. அவள் வயதில் பெண்களுக்கு அது தேவை என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

ஒரே நாளில் நிறுத்திவிடவில்லை. அவ்வளவு முரடன் இல்லை நான். முதல் இரண்டு மாதம் மாலை மாத்திரையை மட்டும் மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. கால் இஞ்ச் போதும் என்று நான் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதத்திலிருந்து காலை மாத்திரையையும் மாற்றினேன். அந்த மாதமே மெஷின் தவணை முடிந்தது. முடித்துவிட்டோம் என்ற ரசீதை அக்காவிடம் காட்டினேன். அவள் அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

ஒருநாள் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னடா இது, மாவு மாதிரி கரையுது? முன்னெல்லாம் கசக்கும்."

"கம்பெனி மாத்திட்டாங்கக்கா. இப்ப இப்படித்தான் வருதாம்."

"பரவால்லையே. நாப்பது வயசுக்கு மேல மருந்தாவது இனிக்குதே" என்று சிரித்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

வங்கிக் கடன் மட்டும் மிஞ்சியது. ஐந்து தவணை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தேன். அக்கா எதிரே உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, கீழ்வீட்டுக்காரம்மா குழாயடியில் போட்ட சண்டையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பாதி வசனத்தில் நின்றாள். கண் என் தோளுக்குப் பின்னால் எங்கோ நிலைத்தது. உதடு மட்டும் எதையோ மெல்வதுபோல அசைந்தது. ஊசி விரலில் இறங்கியிருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. நான் எண்ணினேன். இருபத்தாறு வரை எண்ணினேன். அப்புறம் கண்ணைக் கொட்டிவிட்டு விரலைப் பார்த்தாள்.

"எங்க விட்டேன்? இது எப்படிடா குத்துச்சு?"

"பேச்சு சுவாரசியத்துல கவனிக்கல நீ."

இது என்னவென்று எனக்குத் தெரியும். ஒன்பது வயதிலிருந்து பார்க்கிறேன். முதலில் இப்படிச் சின்னதாக நாலைந்து வரும், சில வாரத்தில் பெரியது வரும். அன்று என் கையிலேயே டப்பா இருந்தது. மருந்துக்கடை தெருமுனையில். வங்கியில் நான் சேர்த்திருந்த பணத்தில் மூன்று வருட மாத்திரை வாங்கியிருக்கலாம். அந்தக் கணக்குக்கு நான் வைத்திருந்த பெயரே 'அக்கா வைத்தியம்'தான். அவளுக்கு எப்போதாவது ஏதாவது ஆகிவிட்டால் யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது என்றுதான் சேர்த்தேன். ஆனால் அன்று அவளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. சேமிப்பில் கை வைக்கக் கூடாது என்பது விதி. தவணை ஐந்துதான் இருந்தது. ஐந்து மாதம் தாங்கும் என்று நினைத்து மிச்சக் குழிகளையும் நிரப்பி மூடினேன்.

அடுத்த நாளிலிருந்து வண்டியில் பின்னால் உட்காருவதை நிறுத்தினேன். நேற்று பட்டறைக்கு விசாரிக்க வந்தபோது நீங்கள் இதைத்தான் மூன்று முறை கேட்டீர்கள். நடப்பது உடம்புக்கு நல்லது, அதனால் நடந்தேன் என்று சொன்னேன். அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் தெருமுனை வரை என் பக்கத்திலேயே வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து கேலி பண்ணுவாள்.

"ஏறுடா கஞ்சப் பிசினாறி. பின்னாடி உக்காரக் காசு கேக்க மாட்டேன்."

எழுதுவது என்று வந்த பிறகு மறைப்பதில் அர்த்தமில்லை. எனக்குப் பயமாக இருந்தது, சார். அந்தச் சீட்டைப் பார்த்தாலே கால் கூசியது.

அவளுக்கும் ஏதோ தோன்றியிருக்க வேண்டும். சில நாள் கழித்து, சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, எனக்கு நடுநடுவுல ஒரு மாதிரி விட்டு விட்டுப் போகுதுடா. டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிடலாமா? அதுவரைக்கும் வண்டிய எடுக்காம இருக்கேன்."

வண்டியை எடுக்காவிட்டால் மூட்டைக்கு ஆட்டோ வைக்க வேண்டும். டாக்டரிடம் போனால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். தவணை நாலுதான் பாக்கி. நான் எழுந்து அறையின் அந்தக் கோடிக்குப் போய், ஜன்னலைச் சாத்துவதுபோல நின்றுகொண்டு சொன்னேன்.

"தூக்கம் பத்தலக்கா உனக்கு. மாத்திரைதான் ஒழுங்கா போடறியே, அப்புறம் என்ன பயம்? வண்டி ஓட்டு."

"நீ சொன்னா சரிதான்" என்றாள். அவள் அப்படிச் சொன்னதும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவளே ஒத்துக்கொண்டாள் அல்லவா.

அதன் பிறகு மூன்று தவணை கட்டினேன். கடைசித் தவணைக்கு ஒன்பது நாள் இருந்தபோது, காலை பத்தரை மணிக்கு, பட்டறையிலிருந்து மூட்டையோடு கிளம்பிய அக்கா, பெரிய ரோட்டில் வளைவு வந்த இடத்தில் வளையவில்லை. பிரேக் பிடித்த தடம் இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நேராகப் போய் நின்றுகொண்டிருந்த தண்ணீர் லாரியில் மோதியிருக்கிறாள். ஹெல்மெட் போட்டிருந்தாள். வேறு யாருக்கும் அடி இல்லை. நான் ஓடிப் போனபோது ரோடு முழுக்க வெள்ளைப் பட்டன்கள் சிதறிக் கிடந்தன. குனிந்து பொறுக்கப் போனேன். முதலாளி வந்து தோளைப் பிடித்து நிறுத்தினார்.

இறுதிச் செலவுக்கு யாரிடமும் கைநீட்டவில்லை. அந்தக் கணக்கிலிருந்துதான் எடுத்தேன். கடைசித் தவணையையும் கெடு தவறாமல் கட்டினேன். இப்போது எனக்கு இந்த உலகத்தில் ஒருவரிடமும் கடன் இல்லை. பல வருடத்தில் முதல் முறை. படியில் யார் ஏறினாலும் எழுந்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் எழுந்துவிடுகிறேன். வீட்டில் அந்தப் பதினோரு அடியை இப்போதும் நடக்கிறேன், எதற்கு என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி ரிப்போர்ட் பதினைந்து நாள் கழித்து வந்தது. ரத்தத்தில் மருந்தே இல்லை என்று எழுதி, அதற்குக் கீழே, 'நோயாளி தானாகவே மாத்திரையை நிறுத்தியதாகத் தெரிகிறது' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பட்டறையில் ஆளாளுக்கு, "வண்டி ஓட்டற பொம்பள மாத்திரைய விடலாமா, என்ன அலட்சியம்" என்று பேசுகிறார்கள். அக்கா இருபத்தேழு வருடத்தில் ஒரு வேளை தவறவிட்டதில்லை. அவளை அலட்சியக்காரி என்று ஒருவர் சொல்ல நான் விட மாட்டேன். அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வேளையும் தம்பி கொடுத்ததை அவள் போட்டுக்கொண்டாள். முதல் இரண்டு மாதம் தம்பி கொடுத்தது பாதி மருந்து, அதன் பிறகு கொடுத்தது மருந்தே இல்லை. அவளுக்கு வலிப்பு திரும்பி வந்ததைத் தம்பி கண்ணால் பார்த்தான். பார்த்த பிறகும் வண்டியை ஓட்டச் சொன்னான். அவளைக் கொன்றது தம்பி. கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இதற்கு என்ன தண்டனையோ அதை வாங்கிக்கொள்கிறேன். ஒரு காசு எனக்கென்று எடுத்ததில்லை என்பதை மட்டும் எங்காவது சேர்த்தால் நல்லது. திட்டத்திலும் தப்பு இல்லை. ஓவர்டைம் இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால், அல்லது வங்கிக்காரன் ஒரு தவணையைத் தள்ளிப்போட்டிருந்தால், எல்லாம் நல்லபடியாக முடிந்து ஞாயிற்றுக்கிழமை நான் பழைய மாத்திரையையே நிரப்பியிருப்பேன்.

முடித்துவிடலாம் என்று பார்த்தேன். இப்போதுதான் நீங்கள் போனில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். ஒட்டுக்கேட்கவில்லை, அறை சின்னது. "லோன் பிடிச்சது போக கையில என்னம்மா மிஞ்சுது? பாப்பா மருந்துக்கே பாதி போயிடுது" என்றீர்கள். வைத்த பிறகு கான்ஸ்டபிள் அண்ணனிடம், மகளுக்கு மூச்சிழுப்பு கடைசியாக வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் அந்த வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தை மாதாமாதம் வாங்க வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டீர்கள். சம்பளக்காரர்கள் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், சார். கூச்சப்படாதீர்கள். உங்கள் சம்பளம், லோன் தவணை, மகளின் மருந்துச் செலவு மூன்றையும் இந்தத் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். எங்கே குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.